தலைவி இல்லாது வென்ற கிண்ணம்

ஆசிய மாதரின் முதலாவது புட்சால் சம்பியன் போட்டியும் ஒரு கையொப்பமும்

2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆந் திகதி, மலேசியாவிலுள்ள நீலாய் என்னும் நகரில், கூரையிட்ட ஓர் ஆட்ட மண்டபத்தில், ஆசிய நாட்டு மாதர் அணிகளுக்கான முதலாவது புட்சால் சம்பியன் போட்டி முடிவுற்றது. எட்டு நாடுகள் கலந்துகொண்ட அந்தச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் ஈரானும் ஜப்பானும் எதிர்த்து நின்றன. ஆட்டம் முழுவதிலும் விழுந்தது ஒரேயொரு கோல். பெரெஷ்தே கரீமி என்னும் ஈரானிய நங்கை அடித்த அந்தக் கோல் ஆசியக் கிண்ணத்தை அவரது நாட்டுக்குப் பெற்றுக் கொடுத்தது.

அணியின் தலைவி நிலூபர் அர்தலான் அன்று அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. அவர் காயப்பட்டுக் கிடந்தாருமல்லர். தேர்வாளர்கள் அவரை விலக்கினாருமல்லர். நாட்டு மக்கள் ‘கோல் சீமாட்டி’ என்று செல்லமாய் அழைத்த அந்த முப்பது வயது வீராங்கனை, தம் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமையால் தெஹ்ரானிலேயே தங்க நேர்ந்தது. புதுப்பிப்பதற்கு வேண்டியிருந்தது கணவரின் கையொப்பம். கணவர் அதனைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

இந்தச் செய்தி அக்காலத்தில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வெளியாயிற்று. படித்தவர்கள் வியந்தார்கள்; சினந்தார்கள்; மறுநாள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சியின் உட்பொருளை உணர வேண்டுமாயின், புட்சால் என்பது எத்தகைய ஆட்டம், அதில் ஈரான் யாங்ஙனம் ஆசியாவின் முதல்வனாயிற்று, அந்நாட்டுப் பெண்கள் பரந்த மைதானத்தை விட்டு இந்தச் சிறு மண்டபத்துக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தார்கள் என்பவற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஐவர் ஆட்டம்

1930ஆம் ஆண்டில் உருகுவே நாடு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் முதற் போட்டியைத் தன் தலைநகராகிய மொண்டெவிடியோவில் நடத்தி, கிண்ணத்தையும் தானே வென்றது. அந்நகரச் சிறுவரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? சந்து பொந்தெல்லாம் பந்து. ஓடியாட இடந்தான் போதவில்லை. அங்குள்ள வை. எம். சீ. ஏ. யில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்தவர் ஹுவான் கார்லோஸ் செரியானி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் அறிந்த அதே சங்கத்தின் கிளைதான் அது. கூடைப்பந்தாட்டக் களத்திலே சிறுவர் பந்தை உதைத்து விளையாடுவதை அவர் கண்டார். வேறு ஆசிரியராயிருந்தால் பிரம்பை எடுத்துக்கொண்டு போயிருப்பார். செரியானி பேனாவை எடுத்து, அவர்களுக்கென ஒரு விதிமுறையை எழுதினார்.

அவர் செய்தது ஒருவகைக் கதம்பம். பந்தைக் காலால் ஆடும் முறை உதைபந்தாட்டத்திலிருந்து வந்தது. அணிக்கு ஐவர் என்பதும் நாற்பது நிமிட ஆட்டமும் கூடைப்பந்தாட்டத்தின் கொடை. களத்தின் அளவும் கோற்கம்பங்களின் அளவும் கைப்பந்தாட்டத்தைத் தழுவியவை. பந்துக்காப்பாளருக்குரிய விதிகளை நீர்ப் பந்தாட்டத்திலிருந்து கடன் வாங்கினார். ஸ்பானிய, போர்த்துக்கேய மொழிகளில் உதைபந்தையும் மண்டபத்தையும் குறிக்கும் சொற்கள் சுருங்கி ஒட்டிக்கொண்டு பின்னாளில் ‘புட்சால்’ என்ற பெயராயின.

இன்றைய சர்வதேச ஆட்டங்களுக்குரிய களம் ஏறத்தாழ 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் உடையது. கோல்வாயின் அகலம் 3 மீற்றர், உயரம் 2 மீற்றர். பந்து வழக்கமான உதைபந்தைவிடச் சற்றுச் சிறியது. துள்ளல் மிகக் குறைந்தது. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து அதனைக் கீழே விட்டால், முதற் துள்ளலில் 50 முதல் 65 சதமமீற்றர் வரையே அது மேலெழ வேண்டுமென்பது விதி. பந்து காலடியிலேயே கிடக்கின்றமையால் வலிமையுள்ளவன் அதனை வானுக்குத் தூக்கி அடித்து ஓட்டத்தால் மாத்திரம் வெல்ல இயலாது. உள்ளங்காலால் பந்தை நிறுத்தி, உருட்டி, திருப்பி, நெருக்கடிக்குள் வழி காண வேண்டும். உயரமும் பருமனும் இல்லாத ஆட்டக்காரருக்கு இதைவிட உகந்த ஆட்டம் அரிது.

விதிகளும் ஆட்டத்தை விரைவுபடுத்துவன. பந்து கோட்டுக்கு வெளியே சென்றால் அதைக் கையால் எறிவதில்லை. கோட்டில் வைத்து நான்கு விநாடிக்குள் உதைக்க வேண்டும். நான்கு விநாடி கடந்தால் பந்து எதிரணிக்கு. பந்து ஆட்டத்தில் இல்லாத வேளைகளில் கடிகாரமும் நின்றுவிடும். ஆகவே காலத்தைக் கடத்திப் பிழைக்கும் கெட்டித்தனம் இங்கே பலியாது. ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம். ஓர் அணி ஓர் அரைப்பகுதியில் ஐந்து முறைகேடுகள் வரை செய்யலாம். ஆறாவது முறைகேட்டிலிருந்து, கோலிலிருந்து 10 மீற்றர் தொலைவில் பந்தை வைத்து, தடுப்பவர் வரிசை எதுவுமின்றி நேரே உதைக்கும் உரிமை எதிரணிக்குக் கிடைக்கும். முரட்டுத்தனத்துக்கு இத்தனை கணக்காக விலை வைத்த ஆட்டங்கள் அதிகமில்லை. இறுதி நிமிடங்களில் பின்தங்கி நிற்கும் அணி, தன் பந்துக்காப்பாளரையும் முன்னே அனுப்பி ஐவராகத் தாக்குவதுண்டு. அப்போது பின்னே கோல்வாய் வெறுமனே திறந்து கிடக்கும். பார்ப்பவர் நெஞ்சுக்கு அது பெருஞ் சோதனை.

தெருவிலிருந்து ஆசியக் கிண்ணம் வரை

ஈரானியச் சிறுவரின் தெரு விளையாட்டொன்றுக்கு ‘கோல் கூச்சிக்’ என்று பெயர். சிறிய கோல் என்பது அதன் பொருள். மலிவான பிளாஸ்டிக் பந்து, இடுக்கமான சந்து, முழங்கால் உயரக் கோல்வாய், பக்கத்துக்கு மூவர் நால்வர். இதிலே கால் பழகிய பிள்ளைகளுக்குப் புட்சால் புதிய வித்தையாகத் தோன்றவில்லை. 1992இல் ஹொங்கொங்கில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியிலேயே ஈரான் நான்காவது இடத்தைப் பெற்றுவிட்டது.

ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஆடவருக்கான சம்பியன் போட்டியை 1999இல் கோலாலம்பூரில் தொடங்கிற்று. முதல் இறுதியாட்டத்தில் ஈரான் தென்கொரியாவை 9–1 என்று வென்றது. 2001இல் தெஹ்ரானில் உஸ்பெகிஸ்தானை 9–0 என்று தோற்கடித்தது. 1999 முதல் 2005 வரை ஆண்டு தவறாமல் ஏழு முறை கிண்ணம் ஈரானுக்கே போயிற்று. அக்காலத்தில் அவர்களின் முன்னணி வீரராயிருந்த வஹீத் ஷம்சாயி தம் நாட்டுக்காக அடித்த கோல்கள் முந்நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை. 2024இல் பாங்கொக்கில் ஈரான் மறுபடியும் சம்பியனானபோது அணியின் பயிற்றுநர் அவரே.

இந்த ஆட்சியை முதன்முதல் அசைத்தது ஜப்பான். 2006இல் தாஷ்கந்தில் அரையிறுதியாட்டத்தில் ஈரானை 5–1 என்று முறியடித்து, பட்டத்தையும் கைப்பற்றியது. 2014இல் ஹோ சி மின் நகரில் தண்ட உதைகளாலும், 2022இல் குவைத்தில் 3–2 என்றும் இறுதியாட்டங்களில் ஈரானை வென்றது. எனினும் 2024 வரை நடந்த 17 போட்டிகளின் கணக்கைப் பார்த்தால், ஈரான் 13, ஜப்பான் 4 என்று நிற்கிறது. மூன்றாவது நாடொன்றின் பெயர் அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை.

வெல்லாதவருக்கும் இந்த வட்டாரப் போட்டி வீணாகிவிடவில்லை. பதினொருவர் ஆடும் பெரிய ஆட்டத்தில் உலகக் கிண்ணத்தின் வாசலையும் மிதித்திராத வியட்நாம், 2016இல் தாஷ்கந்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் நடப்புச் சம்பியனான ஜப்பானைத் தண்ட உதைகளால் வெளியேற்றி, புட்சால் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டு கொலம்பியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஈரான், ஐந்து முறை உலகச் சம்பியனாயிருந்த பிரேசிலைத் தண்ட உதைகளால் வென்று, முடிவில் மூன்றாமிடம் பெற்றது. பிரேசிலின் புகழ் வாய்ந்த பல்காவோவுக்கு அதுவே இறுதி உலகக் கிண்ண ஆட்டம். தோற்று நின்ற அந்த வீரரை வென்ற ஈரானியர்கள் தூக்கி மேலே எறிந்து ஏந்திக் கொண்டாடியதைக் கண்டவர்கள், விளையாட்டில் பகையில்லை என்பதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மண்டபத்துக்குள் வந்த பெண்கள்

இது ஆடவர் கதை. பெண்களின் பாதை வேறு.

1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஈரானில் பெண்களின் பொது வாழ்வுக்கு உடை, இடம், கூட்டம் என்ற மூன்றிலும் கட்டுப்பாடு வந்தது. ஆடவர் உதைபந்தாடும் அரங்கங்களுக்குள் பார்வையாளராகப் பெண்கள் செல்வதும் தடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, 2019 ஒக்டோபரில் தெஹ்ரானின் ஆஸாதி அரங்கில் கம்போடியாவுக்கு எதிராக நடந்த உலகக் கிண்ணத் தகுதியாட்டத்துக்குப் பெண்கள் நுழைவுச் சீட்டு வாங்கிச் செல்ல இடமளிக்கப்பட்டதே பெருஞ் செய்தியாயிற்று.

ஆடுவதற்கோ தடை முழுமையாக இருக்கவில்லை. நான்கு சுவரும் கூரையும் உள்ள மண்டபத்தில், ஆடவர் கண்ணுக்கு அப்பால், பெண்கள் ஆடலாம். திறந்த மைதானத்தை மூட முடியாது. மண்டபத்தின் கதவை மூடலாம். இந்தச் சிறு வேறுபாட்டினால், ஈரானியப் பெண்களிடையே உதைபந்தாட்டம் புட்சாலாகவே வளர்ந்தது. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் அணிகள் தோன்றின. மாதர் சுற்றுப்போட்டிகள் ஒழுங்காக நடைபெறத் தொடங்கின. தந்தையும் தமையனும் வந்து பார்க்க இயலாத மண்டபத்தில், தொலைக்காட்சிக் கருவியும் எட்டிப் பாராத இடத்தில், ஒரு தலைமுறைப் பெண்கள் இந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தார்கள். அடைத்து வைத்த கதவுக்குள்ளேயே ஆசியாவின் சிறந்த அணியொன்று உருவாயிற்று என்றால், அதனை அடைத்தவர்களின் சாதனையென்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

நாட்டுக்கு வெளியே ஆடப் புறப்பட்டபோது மற்றொரு கதவு குறுக்கே நின்றது. தலையையும் கழுத்தையும் மூடும் துணி ஆட்டக்காரருக்கு ஆபத்தென்று கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அதனை அக்காலத்தில் அனுமதிக்கவில்லை. ஈரானிய அரசோ அது இன்றி ஆடவே கூடாதென்றது. 2011 ஜூன் மாதத்தில், ஜோர்தானின் அம்மான் நகரில், இலண்டன் ஒலிம்பிக் தகுதியாட்டத்துக்காகக் களத்தில் வந்து நின்ற ஈரானிய மாதர் உதைபந்தாட்ட அணி, உடையின் காரணமாக ஆட்டந் தொடங்குமுன்னரே விலக்கப்பட்டது. அழுதுகொண்டே அப்பெண்கள் வெளியேறினார்கள். ஒரு பக்கத்தார் துணியை எடுத்தால் ஆடலாமென்றனர். மறு பக்கத்தார் துணியை எடுத்தால் ஆடக் கூடாதென்றனர். இரு சாராரும் தத்தம் விதியைச் சரியாகவே காத்துக்கொண்டார்கள். ஆட்டத்தை இழந்தவர் பெண்கள். 2012இல் அந்தத் தடை பரீட்சார்த்தமாகத் தளர்த்தப்பட்டு, 2014இல் முற்றாக நீக்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலே முதலாவது ஆசிய மாதர் புட்சால் சம்பியன் போட்டி அறிவிக்கப்பட்டது. ஆடவர் போட்டி தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதுவரையில் ஆசிய மாதருக்கு அமைந்த பெரிய மேடை, ஆசிய உள்ளரங்க விளையாட்டு விழாவே. 2007, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் அங்கே தங்கப் பதக்கம் பெற்றவர்கள் ஜப்பானியப் பெண்கள். ஆகவே ஈரானிய அணிக்கு நீலாய் நகரப் பயணம் எத்தகையதென்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அணித் தலைவிக்கு எத்தகையதென்பதையுங்கூட.

கடவுச்சீட்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு

போட்டி செப்டெம்பர் 21ஆந் திகதி தொடங்குவதாயிருந்தது. ஈரானில் பாடசாலைகள் புதிய கல்வியாண்டுக்காகத் திறக்கப்படுவது இலையுதிர் காலத்தின் முதல் நாளில். அவ்வாண்டு அது செப்டெம்பர் 23ஆந் திகதி, அதாவது போட்டியின் மூன்றாம் நாள். அர்தலானின் ஏழு வயது மகனுக்குப் பாடசாலையில் அது முதல் நாள். அந்நாளிலே தாய் வீட்டிலிருக்க வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். அவர் உதைபந்தாட்டத்தை அறியாதவருமல்லர். விளையாட்டுச் செய்தித் துறையிலே பணி புரிந்தவர்.

பிள்ளையை முதன்முதலாகப் பாடசாலைக்கு அனுப்பும் காலை எத்தகையதென்று நம் இல்லங்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஏடு தொடக்கிய நாளையே ஆயுள் முழுவதும் நினைவில் வைத்துப் பேசும் தாய் தந்தையர் நாம். எனவே அந்தத் தந்தையின் ஆசையை நகைத்துத் தள்ளிவிட இக்கட்டுரை முயலவில்லை. தாயில்லாத அந்தக் காலை பிள்ளைக்கு வருத்தமாயிருக்கும் என்று அவர் சொல்லலாம். ஆசியாவிலே முதன்முறையாக நடக்கும் போட்டி திரும்ப வராது என்று மனைவி சொல்லலாம். பாட்டி ஒருத்தி இடையிலே புகுந்து, ‘நான் கூட்டிப் போகிறேன், நீ போய் வா’ என்று சொல்லி முடித்து வைக்கலாம். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ வழக்குகள் இப்படித்தான் அடுக்களை வாசலிலே தீர்ந்து போகின்றன.

இங்கே அது தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் ஒரு பக்கத்துக்கு இருக்கவில்லை. ஏனெனில் சட்டம் அப்பக்கத்தில் நின்றது. ஈரானின் கடவுச்சீட்டுச் சட்டத்து 18ஆம் பிரிவின்படி, மணமான பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மணமாகாத பெண், பதினெட்டு வயது நிரம்பியதும் தானே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். பத்தொன்பது வயதுக் கன்னிக்குள்ள உரிமை, நாட்டின் அணித் தலைவியாகி, முப்பது வயதாகி, ஒரு பிள்ளையையும் பெற்ற தாய்க்கு இல்லை என்பதே இதன் பொருள். கொடுத்த சம்மதத்தைக் கணவர் பின்னொரு நாள் மீட்டுக்கொள்ளவும் கூடும்.

இந்தச் சட்டம் புரட்சிக்குப் பின் வந்த மதவாட்சி இயற்றியதென்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இயற்றப்பட்ட ஆண்டு 1973. ஷா மன்னரின் காலம். தெஹ்ரான் வீதிகளில் மேனாட்டு உடையணிந்த மாதர் உலாவிய அந்த நாளிலேதான், மனைவியின் பயணத்துக்குக் கணவரின் கையொப்பம் வேண்டுமென்ற விதி பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. மன்னரின் ஆட்சி கவிழ்ந்தது, கொடி மாறிற்று, தெருக்களின் பெயர்களெல்லாம் மாறின, இந்தப் பிரிவு மாத்திரம் புதிய ஆட்சிக்கும் உவப்பாயிருந்தது போலும்.

அர்தலான் வாய் மூடி இருக்கவில்லை. உல்லாசப் பயணத்துக்காகத் தாம் வெளிநாடு செல்ல விரும்பவில்லையென்றும், முஸ்லிம் பெண்ணாக நின்று நாட்டின் கொடியை உயர்த்தவே புறப்பட்டதாகவும், இத்தகைய வேளைகளில் விளையாட்டு வீராங்கனைகள் தம் உரிமையைக் காத்துக்கொள்ள அதிகாரிகள் வழியொன்று வகுக்க வேண்டுமென்றும் பகிரங்கமாகவே கூறினார். தம்மை நாட்டுக்காகப் போராடும் ஒரு படைவீரராகவே அவர் சொல்லிக்கொண்டார். கணவரைத் தூற்றுவதைவிடச் சட்டத்தைச் சுட்டிக் காட்டுவதிலேயே அவர் கருத்தைச் செலுத்தினார் என்பது நம் கவனத்துக்குரியது. அணியினர் புறப்பட்டுச் சென்றனர், அவர் நின்றுவிட்டார், கிண்ணம் வந்து சேர்ந்தது.

அணி வென்றுவிட்டதே, ஒருவர் போகாததனால் என்ன குறைந்துவிட்டது என்று சிலர் அப்போது கேட்டனர். கேட்டவர்களில் எவரும் பதினைந்து ஆண்டு ஓடிப் பழகி, ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோட்டிலே தடுத்து நிறுத்தப்பட்டவராயிருக்க மாட்டார்கள்.

குவாத்தமாலாவுக்கு ஓர் அனுமதி

அவ்வாண்டு நவம்பரில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் மாதருக்கான உலகப் புட்சால் போட்டி நடைபெற இருந்தது. உலகச் சம்மேளனத்தின் அங்கீகாரம் பெற்ற உலகக் கிண்ணம் அல்ல அது. அத்தகைய கிண்ணம் மாதருக்கு அப்போது இல்லாமையால், 2010 முதல் ஆண்டுதோறும் சில நாடுகள் கூடி நடத்திவந்த போட்டி. ஆறு முறையும் வென்றது பிரேசில்.

இம்முறை அர்தலான் சென்றார். 18ஆம் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. அவசர வேளைகளில் கணவரின் சம்மதத்துக்குப் பதிலாக அரச வழக்குத் தொடுநரின் அனுமதி போதுமென்று அது கூறுகின்றது. உலகெங்கும் செய்தி பரவி, நாட்டுக்குள்ளும் பெரும் விவாதம் எழுந்த பின்னர், அந்த ஒரு பயணத்துக்கென நீதித்துறை அவருக்கு அனுமதி வழங்கிற்று. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் கூர்ந்து நோக்கின், ஒரு கையொப்பத்தின் இடத்தில் மற்றொரு கையொப்பம் வந்து அமர்ந்ததேயன்றி, பயணத்துக்குரியவரின் சொந்தக் கையொப்பத்துக்கு அங்கே இன்னும் இடம் பிறக்கவில்லை.

பின்வந்த ஆண்டுகளில் இதே கதை வேறு பெயர்களில் நிகழ்ந்தது. வில்வித்தை வீராங்கனை ஸஹ்ரா நெமாத்தி 2012இல் இலண்டன் பராலிம்பிக் போட்டியில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக்கிலோ பராலிம்பிக்கிலோ தங்கம் பெற்ற முதலாவது ஈரானியப் பெண். 2016இல் ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் சக்கர நாற்காலியில் அமர்ந்து நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. மறு ஆண்டிலே, பிரிந்து வாழ்ந்த கணவர் அவரது வெளிநாட்டுப் பயணத்தைத் தடுத்தார். 2021 பெப்ரவரியில், இத்தாலியில் நடைபெற்ற உலகப் பனிச்சறுக்குச் சம்பியன் போட்டிக்குச் செல்லப் பயணப்பெட்டியைக் கட்டிய ஈரானிய மாதர் அணியின் பயிற்றுநர் சமீரா ஸர்காரியும் கணவரின் மறுப்பினால் நின்றுவிட, அணி அவரின்றியே சென்றது.

ஈரானியப் பெண்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். விவாக ஒப்பந்தத்திலேயே, வெளிநாடு செல்லும் அனுமதியை மனைவிக்கு முன்கூட்டியே அளிப்பதாக ஒரு நிபந்தனையை எழுதுவித்து, நொத்தாரிசு முன்னிலையில் மணமகனின் ஒப்பத்தைப் பெற்றுக்கொள்வது அது. படித்த குடும்பங்களிற் பல இதனைக் கேட்டுப் பெறுகின்றன. நகையும் மணக்கொடையும் பேசுமிடத்திலே கடவுச்சீட்டையும் பேசுவது சில மாப்பிள்ளை வீட்டாருக்குக் கசக்கும். சம்பந்தம் பேசும் சபையிலே இதை எடுக்க எல்லாப் பெண்களுக்கும் நா எழுவதுமில்லை.

அதன் பின்

இரண்டாவது ஆசிய மாதர் போட்டி 2018 மே மாதத்தில் பாங்கொக்கில் நடைபெற்றது. முதற் போட்டிக்கு எட்டு நாடுகள் வந்தன. இம்முறை வந்தவை பதினைந்து. இறுதியாட்டத்தில் மீண்டும் ஈரானும் ஜப்பானுமே சந்தித்தன. ஈரான் 5–2 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அடுத்த போட்டி 2020இல் குவைத்தில் நடைபெறுவதாயிருந்து, கொரோனா நோயினால் கைவிடப்பட்டது. ஆடவர் போட்டி 2022இலேயே மீண்டும் தொடங்கிவிட்டது. மாதர் போட்டிக்கோ 2025 வரை, ஏழு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு வீராங்கனையின் வாழ்வில் ஏழு ஆண்டு என்பது சில வேளை அவள் ஆட்டக்காலம் முழுவதுமாகும்.

2025 மே மாதத்தில் சீனாவின் ஹோஹோட் நகரில் நடந்த அந்த மூன்றாவது போட்டிக்குப் புதியதொரு பெறுமதி இருந்தது. மாதருக்கான முதலாவது புட்சால் உலகக் கிண்ணத்தை உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அறிவித்திருந்தமையால், ஆசியாவில் முதல் மூன்று இடங்களைப் பெறுவோருக்கு அங்கே செல்லும் தகுதி கிடைப்பதாயிருந்தது. இரு முறை பட்டத்தைத் தவறவிட்ட ஜப்பான், தாய்லாந்தைத் தண்ட உதைகளால் வென்று இம்முறை அதனை எடுத்துக்கொண்டது. சீனாவை வென்ற ஈரானுக்கு மூன்றாமிடம்.

உலகக் கிண்ணம் அவ்வாண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில் பிலிப்பைன்ஸில் நடைபெற்றது. ஆடவருக்கு இதே கிண்ணம் 1989இல் நெதர்லாந்தில் தொடங்கியது. இடையிலே கழிந்தவை 36 ஆண்டுகள். பதினாறு நாடுகள் கூடிய அந்தப் போட்டியில் பிரேசில் போர்த்துக்கலை 3–0 என்று வென்று முதற் கிண்ணத்தைப் பெற்றது. போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸோடு ஜப்பான், தாய்லாந்து, ஈரான் ஆகியவை ஆசியாவின் சார்பிலே ஆடின. அம்மானில் தலைத்துணிக்காக விலக்கப்பட்ட ஈரானிய மாதரின் தங்கையர், அதே தலைத்துணியோடு, தலைவியை முன்னே விட்டு வரிசையாகக் களத்தில் இறங்கினார்கள்.